நழுவும் பேன்ட், இறுகும் பெல்ட்

காலை நேரத்தில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில், மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் ஆண்களைக் கவனியுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக வண்டி நின்று கிளம்பும். கையை இறக்க இடம் கிடைத்தவுடன் பலரும் செய்கிற முதல் வேலை, பெல்ட்டின் முன்பக்கத்தைப் பிடித்துப் பேன்ட்டை மேலே இழுத்துவிடுவது. கையை உயர்த்தும்போது வயிறு உள்ளே ஒடுங்குகிறது, செருகிய சட்டை மேலே ஏறுகிறது, பேன்ட் கொஞ்சம் கீழே இறங்குகிறது. அதே மனிதர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே பெல்ட் வயிற்றை அழுத்தத் தொடங்குகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமில்லாமல் ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்கிறார்.

அன்றாடம் கோடிக்கணக்கானவர்கள் படும் இந்தச் சின்ன அவஸ்தையை, உடல் பருமனின் தண்டனை என்று ஒதுக்கிவிடுகிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை. பெல்ட் செய்பவர்கள் மனித இடுப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே சுற்றளவுள்ள உருளையாக எண்ணிச் செய்கிறார்கள். நம் ஊர் ஆண்களின் இடுப்பு அப்படி இல்லை. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உருளையையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஜீன்ஸ், அதில் ஒரு மொபைல், பர்ஸ், வண்டிச் சாவி எல்லாம் சேர்ந்து சுமார் 1 கிலோ எடை. இதைத் தாங்குவது பெல்ட் இல்லை, உராய்வு. பெல்ட் துணியை உடலோடு சேர்த்து அழுத்துகிறது. துணிக்கும் உடலுக்கும் இடையே பிறக்கும் உராய்வு பேன்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், 1 கிலோவைத் தாங்க இடுப்பைச் சுற்றி மொத்தம் 3.3 கிலோ அழுத்து விசை வேண்டும். வட்டமான ஒரு வளையத்தில் மொத்த அழுத்து விசை என்பது வாரின் இழுவிசையை 2π-ஆல், அதாவது ஏறத்தாழ 6.28-ஆல் பெருக்கினால் கிடைப்பது. கணக்குப் போட்டால் பெல்ட்டில் தேவைப்படும் இழுவிசை அரைக் கிலோ மட்டுமே. ஒரு சுண்டுவிரலால் இழுக்கக்கூடிய விசை அது. அப்படியானால் நாம் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை இறுக்குகிறோம்?

சரிவு இருப்பதால். வயிறு முன்னே வந்தவர்கள் பெரும்பாலும் வயிற்றுக்குக் கீழேதான் பேன்ட்டைக் கட்டுகிறார்கள். அந்த இடத்தில் உடல் கீழே போகப் போக ஒடுங்குகிறது. பம்பரத்தின் மேல் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டுப் பாருங்கள்: வளையம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகமாக ஆணிப் பக்கம் நழுவும். வளையத்தின் இறுக்கமே அதைக் கீழே தள்ளுகிறது.

இதை எண்ணால் பார்த்தால் திகைப்பாக இருக்கும். இடுப்பு முழுவதும் ஒரே சரிவுள்ள கூம்பு என்று எளிமைப்படுத்திக்கொள்வோம். உராய்வு அதே 0.3. சரிவே இல்லாதபோது தேவையான இழுவிசை அரைக் கிலோ. 10 பாகை சரிவில் அது 1.35 கிலோ ஆகிறது. 15 பாகையில் 5.4 கிலோ. 17 பாகையைத் தொட்டால் எத்தனை கிலோ இழுத்துக் கட்டினாலும் பேன்ட் நிற்காது. அந்தக் கோணத்துக்குப் பிறகு இறுக்கம் பயன்படாது என்பதோடு, நழுவலைத் தூண்டவும் செய்கிறது.

இனி இன்னொரு பக்கம் பாருங்கள். அதே 15 பாகைச் சரிவில், இறுக்கத்தைக் கூட்டாமல் உராய்வை மட்டும் 0.3-லிருந்து 0.5-க்கு உயர்த்தினால், தேவையான இழுவிசை 5.4 கிலோவிலிருந்து 0.8 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. வசதியான பெல்ட்டின் ரகசியம் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. பேன்ட் இடுப்புப் பட்டியின் உள்பக்கத்தில் ரப்பர் இழை ஓடும் ஒரு நாடாவைச் சில நிறுவனங்கள் வைத்துத் தைக்கின்றன; தையற்காரர்களும் ‘கிரிப் டேப்’ கேட்டால் வைத்துத் தருவார்கள். சட்டை வெளியே வராமலிருக்க வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பெல்ட்டின் வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்துவிடுகிறது. வழுவழுப்பான பாலியஸ்டர் சட்டையைச் செருகும் நாளில் பேன்ட் அதிகம் இறங்குவதற்கும் இதே உராய்வுதான் காரணம்.

உண்மையான இடுப்பு சுற்றிலும் ஒரே கூம்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் பிட்டம் வெளியே சரிந்து ஒரு தாங்கலைத் தருகிறது. பக்கவாட்டில் இடுப்பெலும்பின் விளிம்பு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. முன்பக்கம் மட்டும் உள்ளே சரிகிறது. ஆகவே பேன்ட் மொத்தமாக விழாமல், முன்னால் தாழ்ந்து பின்னால் நின்று, சாய்ந்துவிடுகிறது. ரயிலில் எல்லோரும் முன்பக்கத்தையே பிடித்து இழுப்பதன் காரணம் இதுதான். தெற்காசிய ஆண்களுக்கு, உடல் எடை அதிகம் இல்லாதபோதும், கொழுப்பு வயிற்றில் சேரும் இயல்பு அதிகம். அதனால்தான் ஐரோப்பிய ஆண்களுக்கு 94 செ.மீ. என்றிருக்கும் இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கை வரம்பு நமக்கு 90 செ.மீ. மெல்லிய கால், ஒடுங்கிய இடுப்பெலும்பு, முன்னே வந்த வயிறு: இந்த உடலுக்கு நேரான பட்டை பெல்ட் பொருந்தாது.

அழுத்தம் எங்கே வலிக்கிறது என்பதற்கும் ஒரு விதி உண்டு. ஓர் இடத்தில் பெல்ட் தரும் அழுத்தம், வாரின் இழுவிசையை அந்த இடத்தின் வளைவு ஆரத்தாலும் வாரின் அகலத்தாலும் வகுத்தால் கிடைக்கும். முதுகின் நடுப்பகுதி ஏறக்குறைய தட்டை. அங்கே அழுத்தமே இல்லை, சிலருக்கு இடைவெளிகூட விழும். இடுப்பெலும்பின் முன்முனையில் வளைவு கூர்மையானது. மொத்த அழுத்தமும் அங்கே குவிகிறது. 90 செ.மீ. இடுப்பு, 3.5 செ.மீ. அகலப் பெல்ட் என்று கொண்டால், அரைக் கிலோ இழுவிசையில் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம். 5.4 கிலோவில் அது 80-ஐ நெருங்குகிறது. தோலின் நுண்குழாய்களில் இரத்தம் 30 மி.மீ. அளவு அழுத்தத்தில்தான் ஓடுகிறது. மாலையில் சட்டையைக் கழற்றும்போது இடுப்பில் தெரியும் சிவந்த தடம் அதன் விளைவு.

தடத்தோடு நின்றால் பரவாயில்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகில்தான் தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு இறங்குகிறது. இறுக்கமான பெல்ட் அதை நசுக்கினால் தொடையில் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். 1895-லேயே பெர்ன்ஹார்ட், ரோத் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்துவிட்டார்கள். மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்று பெயர். முதுகுத்தண்டுக் கோளாறு என்று பயந்து அலைபவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது பெல்ட்டைத் தளர்த்துவது மட்டும்தான். நெஞ்செரிச்சலும் உண்டு: இடுப்பைச் சுற்றி இறுக்கினால் வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது என்பதைக் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

உட்கார்ந்தால் இறுகும் சிக்கலுக்கு வருவோம். உட்காரும்போது வயிற்றின் சுற்றளவு சில சென்டிமீட்டர் கூடுகிறது. நல்ல தோல் வார் அந்த அளவுக்கு நீளாது; வார் நீளாவிட்டால் வயிறுதான் ஒடுங்க வேண்டும். நமக்கு வேண்டியது, நீளம் மாறினாலும் இழுவிசை அதிகம் மாறாத வார். பள்ளிப் பிள்ளைகள் போடும், பள்ளியின் பெயர் பொறித்த பக்கிள் உள்ள எலாஸ்டிக் பெல்ட் இந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. பெரியவர்களுக்கான தோல் பெல்ட்டில், முதுகுப் பக்கம், பேன்ட் லூப்புக்குள் மறையும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் போதும். முன்பக்கத் தோற்றத்தில் ஒன்றும் குறையாது.

ஓட்டைகளும் யோசிக்க வேண்டியவை. வழக்கமாக ஓட்டைக்கு ஓட்டை ஓர் அங்குலம் இடைவெளி. இடுப்புக்குச் சரியான அளவு இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் விழுந்தால், ஒன்றில் நழுவும், மற்றதில் இறுக்கும். கால் அங்குலப் படிகளில் நகரும் பல்வரிசை பெல்ட்டுகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவை இதைத் தீர்க்கின்றன. சாதாரணப் பெல்ட்டில் கூடுதல் ஓட்டை வேண்டுமானால் வீட்டில் ஆணியை அடித்துப் போடாதீர்கள். ஆணி தோல் இழைகளைக் கிழித்து விலக்குகிறது. கிழிந்த விளிம்பில் இழுவிசை குவிந்து ஓட்டை நீண்டு, பிளந்து போகும். செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் வட்டப் பஞ்ச் இழைகளைச் சுத்தமாக வெட்டி எடுக்கும். நீள்வட்ட ஓட்டை இன்னும் நல்லது. பக்கிளின் முள் சாய்ந்து படுக்க அதில் இடம் இருக்கும்.

பெல்ட்டைப் பற்றிப் பேசும்போது குரோம்பேட்டையைச் சும்மா கடந்து போக முடியாது. அந்த ஊருக்குப் பெயர் தந்தது குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை. குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையைச் சென்னையில் 1903 வாக்கில் சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். அன்று அவர் மனதில் இருந்தவற்றுள் ஒன்று, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைக்கான தோல் பை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் நீரில் ஊறி விரைவில் அழுகியது. குரோம் தோல் தாக்குப்பிடித்தது. பின்னர் சேம்பர்ஸ் என்ற தொழிலதிபர் பல்லாவரத்துக்கு அருகே அந்த முறையில் ஆலையை வளர்த்தெடுத்தார்.

பெல்ட்டுக்கு எது நல்லது? ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சத்தில் வாரக்கணக்கில் ஊறிய தோல் கெட்டியாக இருக்கும், விளிம்பு பிசிறாது, மாதக்கணக்கில் இழுபட்டாலும் அதிகம் நீளாது. குரோம் தோல் ஓரிரு நாளில் பதப்பட்டுவிடும். மென்மையானது, வளையும், நீரைத் தாங்கும், ஆனால் இழுத்தால் கொஞ்சம் நீளும். வெளியே தாவரப் பதத் தோலும், உடலை ஒட்டும் உள்பக்கத்தில் மென்மையான குரோம் தோலும் வைத்து ஒட்டித் தைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். தோலை எந்தப் பகுதியில் வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். மாட்டின் முதுகெலும்புக்கு இணையாக வெட்டிய வார் உறுதியானது. வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்து தொங்கும். மலிவான பெல்ட் ஆறு மாதத்தில் உரிவதற்குக் காரணம் வேறு: துணியின் மேலோ தோல் தூளின் மேலோ பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருப்பார்கள். சென்னையின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் அந்தப் படலம் நீரால் சிதைந்து செதில் செதிலாக உதிர்கிறது.

தோலின் பெருமையைச் சொல்லும்போது நாகல்கேணியையும் குரோம்பேட்டையையும் சேர்ந்த மக்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. தோல் ஆலைகளின் உப்பும் குரோமியமும் அங்கே நிலத்தடி நீரில் இறங்கின. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வருவதற்கு முன்பு வெளியேறிய கழிவின் சுமை இன்னும் மண்ணில் இருக்கிறது. ஒரு பெல்ட் பத்து ஆண்டு உழைத்தால் அந்தச் சுமையில் நம் பங்கு குறையும். ஆறு மாதத்தில் தூக்கிப்போடும் பெல்ட்டுக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

பக்கிளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. தொப்புளுக்குக் கீழே தீராத அரிப்பும் கருத்த படையும் இருந்தால் பக்கிளில் உள்ள நிக்கலைச் சந்தேகியுங்கள். முலாமில் உள்ள நிக்கலை வியர்வை கரைத்துத் தோலில் சேர்க்கிறது; ஒருமுறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். தோலோடு நெடுநேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பு உண்டு. ஆண்டில் பெரும்பகுதி வியர்த்துக் கொட்டும் நம் ஊருக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

அகலத்தின் நன்மையை நம் சந்தை வியாபாரிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். வேட்டிக்கு மேல் அவர்கள் கட்டும் பச்சை பெல்ட், சாதாரணப் பெல்ட்டைப் போல் இரண்டு மடங்கு அகலம். அதே இழுவிசையில் அழுத்தம் பாதி. அவ்வளவு அகலத்தைப் பேன்ட் லூப் தாங்காது என்றாலும் 3 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ.க்குப் போனாலே வேறுபாடு தெரியும். அகலம் கூடும்போது மட்டும் பட்டையின் வடிவம் மாற வேண்டும். கூம்பைச் சுற்றும் பட்டையை விரித்தால் அது நேர்க்கோடாக இருக்காது, வில்லாக வளைந்திருக்கும். நேரான பட்டையைச் சரிவில் கட்டினால் ஒரு விளிம்பு உடலில் அழுந்தும், மறு விளிம்பு விலகி நிற்கும். வளைவாக வெட்டினால் இரண்டு விளிம்பும் சமமாகப் படியும். ஆனால் முழுத் தோலை நேர்வார்களாக அறுத்தால் கழிவு குறைவு, வளைவாக வெட்டினால் துண்டு மிஞ்சும். தயாரிப்பாளர்கள் நேர்ப்பட்டையை விடாததற்குக் காரணம் அந்தத் துண்டுகள்தான்.

இதற்கான அறிவும் கருவியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்து, நமக்கென்று ‘பா’ என்ற காலணி அளவுமுறையை உருவாக்கியதில் முன்னின்றது அந்த நிறுவனம். ஆடை வடிவமைப்பைக் கற்பிக்கும் நிஃப்ட் தரமணியில் இருக்கிறது. பாதத்துக்குச் செய்ததை இடுப்புக்கும் செய்ய வேண்டும். ஒரே உயரத்தில் டேப் வைத்து 36, 38 என்று எழுதும் முறையில் சரிவு பதிவாவதே இல்லை; 36 அளவுள்ள இருவரில் ஒருவருக்குப் பேன்ட் நிற்கும், மற்றவருக்கு நிற்காது.

அதுவரை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பெல்ட் கட்டும் இடத்தில் ஒரு சுற்றளவு, அதற்கு 5 செ.மீ. கீழே இன்னொன்று. கீழ் அளவு அதிகமாக இருந்தால் எந்தப் பெல்ட்டும் உங்களுக்குப் போதும். குறைவாக இருந்தால் அடுத்த ஓட்டைக்குப் போவதை விட்டுவிட்டுத் தையற்காரரிடம் கிரிப் டேப் கேளுங்கள்.