சாங்கி விமான நிலையத்தில் வழி கண்டுபிடிப்பது

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1981-இல் இயங்கத் தொடங்கியது. இன்று அதில் நான்கு டெர்மினல்கள் உள்ளன. முதல் மூன்றையும் ஓட்டுநரில்லாத ஸ்கைட்ரெயின் இணைக்கிறது. 2017-இல் திறக்கப்பட்ட நான்காவது டெர்மினல் தனியே நிற்கிறது. அங்கு செல்லப் பேருந்துதான். விமானம் மாறுபவர்கள் இதற்கெனக் கூடுதல் நேரம் ஒதுக்குவது அவசியம்.

விமானம் ஏறும் வாயிலின் எழுத்தே டெர்மினலைச் சொல்லிவிடும். A, B என்றால் மூன்றாவது டெர்மினல். C, D முதலாவது. E, F இரண்டாவது. திரையில் வாயில் எண் மாறக்கூடும் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரைத் திகைக்க வைப்பது பாதுகாப்புச் சோதனை. முதல் மூன்று டெர்மினல்களில் அது குடிநுழைவு முடிந்ததும் நடப்பதில்லை. விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கிறது. ஆகவே கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நிமிடத்தில் வாயிலுக்கு ஓடுவது ஆபத்து. அங்கும் வரிசை உண்டு. கையிலுள்ள தண்ணீரையும் அங்கே கொட்டிவிட வேண்டும். நான்காவது டெர்மினலில் மட்டும் சோதனை ஒரே இடத்தில் முன்னதாகவே முடிகிறது.

விமான நிலையத்தில் 40 மீட்டர் உயர அருவி கொண்ட ஜூவல் வணிக வளாகம், 2019-இல் திறக்கப்பட்டது. அது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. எனவே விமானம் மாறக் காத்திருக்கும் பயணி அதற்குள் நடந்து செல்ல, சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா விதிகளை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. அந்தத் தகுதி இல்லாதவர்களுக்கும் ஓர் ஆறுதல்: இரண்டாவது, மூன்றாவது டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ஜூவலின் ஊடாகவே செல்வதால், அருவியை அதிலிருந்தே பார்த்துவிடலாம்.