ஹால்மார்க் பிறந்த வீட்டில் ஒரு விருந்து

நகைக் கடையில் 'ஹால்மார்க் இருக்குதா?' என்று கேட்டுத்தானே வாங்குகிறோம், அந்த 'ஹால்' எது தெரியுமா சகோதரிகளே? லண்டனில் உள்ள பொற்கொல்லர் சங்கத்து மண்டபம்தான்! செய்த நகையையும் பாத்திரத்தையும் அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்று 1478-ல் ஏற்பாடு செய்தார்களாம். இன்றைக்கும் அங்கே முத்திரை போடுகிறார்கள்.

கணவரின் வேலைக்காக நாங்கள் லண்டனில் இருந்தபோது, 2023-ல் அந்த மண்டபத்தில் விருந்து சாப்பிடும் வாய்ப்பு கிடைத்தது. கணவரின் மேலதிகாரி அந்தச் சங்கத்து உறுப்பினர். தையற்காரர், மீன் வியாபாரி, ரொட்டி சுடுபவர், ஊசி செய்பவர் என்று அந்த ஊரில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பொற்கொல்லர் சங்கத்துக்கு 1327-லேயே ராஜா பட்டயம் கொடுத்துவிட்டார்.

நான் பத்தர் வீட்டுப் பெண். அப்பா செய்துகொடுத்த ஜிமிக்கியையும் பட்டுப்புடவையையும் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சைவம் என்றால் அங்கே அவ்வளவுதான்! ஆனால் கடைசியில் இரண்டு கைப்பிடி வைத்த பெரிய வெள்ளிக் கோப்பை ஒன்று சுற்றி வந்தது. ஒருவர் குடிக்கும்போது எதிரில் நிற்பவர் மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முதுகோடு முதுகாக நின்று காவல் காக்க வேண்டும். குடிக்கும் நேரம் பார்த்து எவனும் கத்தியால் குத்திவிடக் கூடாதாம்! அதே கோப்பையை விளிம்பு துடைத்து அடுத்தவரிடம் தருகிறார்கள். அண்ணாந்து குடித்தே பழகிய எனக்கு எச்சில் நினைப்பு வந்துவிட்டது. உதட்டருகே கொண்டுபோய்விட்டுக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒரு விஷயம் சொன்னார். 1761-லேயே ஹெஸ்டர் பேட்மேன் என்ற அம்மாள், கணவர் இறந்தபின் தன் பெயரில் இங்கே முத்திரை பதிந்து வெள்ளிப் பட்டறை நடத்தினாராம். கேட்டதும் எனக்கு மனசு என்னமோ செய்தது. எங்கள் பட்டறையில் ஊதுகுழலைத் தொட்டாலே, "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு இது?" என்பார் அப்பா. சொல்லிக்கொடுத்த தம்பியோ இப்போது நகைக்கடையில் சேல்ஸ்மேன்.

"நீங்களும் நகை செய்வீர்களா?" என்று பெரியவரைக் கேட்டேன். சிரித்தார். அவர் ஆடிட்டர். அப்பா உறுப்பினர் என்றால் பிள்ளையும் சேரலாமாம், தொழில் தெரிய வேண்டும் என்பதில்லை. எங்கள் மேசையில் மற்றவர்களும் வக்கீல், வங்கிக்காரர்தான்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "பத்தருங்களுக்கு அரண்மனையாட்டம் கட்டி வெச்சிருக்காங்களா கண்ணு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஆமாப்பா" என்றேன். மேசையில் ஒரு பத்தர்கூட இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

- ஒரு வாசகி, கோவை