மலையிறக்கம் கற்பிக்கும் பௌதிகவியல் பாடம்

எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்ததில் 15 பேர் உயிரிழந்தனர். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் மைல்கல் பகுதியில் நிகழ்ந்த பஸ் விபத்தையும் ஊவா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். விபத்துக்கு விபத்து காரணங்கள் வேறுபடலாம். ஆயினும் ஒவ்வொன்றின் பின்னரும் ‘விதி’ என்று கூறி நாம் அமைதியடைந்து விடுகின்றோம். மலையிறக்கத்தில் செயற்படும் விசைகளோ முன்கூட்டியே கணக்கிடக் கூடியவை. கேளிக்கைப் பூங்காக்களின் ரோலர் கோஸ்டர் அக்கணக்கின் மீதே நிற்கின்றது.

ரோலர் கோஸ்டரின் பெட்டிகளைப் பொதுவாகச் சங்கிலியொன்று உச்சிக்கு இழுத்துச் செல்லும். அதன்பின் அவற்றை ஓட்டுவது புவியீர்ப்பு மாத்திரமே. உராய்வைத் தவிர்த்துப் பார்த்தால், 30 மீற்றர் இறங்கும் பெட்டி மணிக்கு சுமார் 87 கிலோமீற்றர் வேகத்தைப் பெறும். இறக்கத்தின் அடியில் தண்டவாளம் 30 மீற்றர் ஆரையுடன் வளைந்தால், பயணி தமது நிறையின் மும்மடங்கை உணர்வார். ஆரையை 15 மீற்றராகக் குறைத்தால் அது ஐம்மடங்காகிவிடும். ஆகவேதான் வடிவமைப்பாளர்கள் அடிவளைவை அகலமாக்குகின்றனர். வண்டியை நிறுத்தும் பிரேக்கையும் பாதையிலேயே பொருத்துகின்றனர். பாதுகாப்பு பயணியின் அதிர்ஷ்டத்துக்கோ, ஒருவரின் சாமர்த்தியத்துக்கோ விடப்படுவதில்லை.

நமது மலையகப் புகையிரதப் பாதையை அமைத்தோரும் இதையே உணர்ந்திருந்தனர். உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. எனவே 44 மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் என்பதே உச்சச் சரிவாகக் கொள்ளப்பட்டது. தெமோதரையில் நேராக இறக்கினால் அந்த எல்லை மீறப்படும். ஆகவே பாதையைக் குன்றைச் சுற்றி வளைத்து, நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தினூடாகச் செலுத்தினர். தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகை கட்டிய விதமே இந்த யோசனையைத் தந்ததாக ஒரு கதையும் வழங்கி வருகின்றது. 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய அப்பாதையில் ரயில்கள் இன்றும் இறங்குகின்றன.

வீதியின் நிலையோ வேறு. 10 தொன் நிறையுள்ள பஸ் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 29 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. சாரதி பிரேக்கை மட்டுமே நம்பினால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கிலேயே சேரும். அளவு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். வேகம் இருமடங்கானால் அதே வளைவில் வண்டியைத் திருப்பத் தேவையான விசை நான்கு மடங்காகும். மழையில் நனைந்த வீதியோ அவ்விசையைத் தரும் உராய்வைக் குறைத்து விடுகின்றது.

இறக்கத்தின் தொடக்கத்திலேயே குறைந்த கியருக்கு மாற வேண்டும் என்று அனுபவமிக்க சாரதிகள் கூறுவதன் பொருள் இதுவே. அப்போது சக்தியின் ஒரு பகுதியை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது, பிரேக்கின் சுமையை அதே விகிதத்தில் கூட்டுவதாகும்.

தோட்டப் பிள்ளைகள் பாடசாலைக்கும், தொழிலாளர் வைத்தியசாலைக்கும், வர்த்தகர்கள் சந்தைக்கும் செல்வது இந்த இறக்கங்கள் வழியாகவே. பொழுதுபோக்குக்காகச் சில நிமிடங்கள் ஓடும் பெட்டிக்கு இத்தனை கணக்குப் பார்க்கப்படும்போது, பிழைப்புக்காக நாள்தோறும் இறங்கும் மக்களுக்கு அது மறுக்கப்படலாகாது. பிரேக் பரிசோதனை, வளைவுகளில் உறுதியான பாதுகாப்பு வேலி, மலைப்பாதைச் சாரதிகளுக்குத் தனிப் பயிற்சி ஆகிய மூன்றையும் சம்பந்தப்பட்டோர் தாமதமின்றி உறுதிசெய்ய வேண்டும். புவியீர்ப்பை எவராலும் நிறுத்த முடியாது. அதற்கு ஆயத்தமாக இருப்பது நமது கையிலேயே உள்ளது.