நாக் ஏ பிளஸ் இருந்தா போதுமா?

இந்த எபிசோடை சங்கரன்கோவில்ல உட்கார்ந்து பேசுறேன். இங்கிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போய்த் திரும்பினாலே பாதி நாள் முடிஞ்சிரும். வேலை பார்த்துக்கிட்டே படிக்க நினைக்கிறவங்களுக்கு ஆன்லைன் டிகிரி நிஜமாவே பெரிய விஷயம். பி.காம். முடிச்சிட்டு ஜவுளிக் கடையில கணக்கு எழுதுற என் சித்தி பொண்ணு ஒரு நோட்டீசை வாட்ஸ்அப்ல அனுப்பினா. "அண்ணே, யூ.ஜி.சி. அங்கீகாரம், நாக் ஏ பிளஸ்னு போட்டிருக்கு. எம்.பி.ஏ. சேர்ந்துரட்டுமா?"

அந்த ரெண்டுமே உண்மையா இருக்கலாம். அப்பவும் அந்த டிகிரி செல்லாமப் போக வாய்ப்பிருக்கு.

நாக் என்பது ஒரு கல்வி நிறுவனத்தோட தரத்துக்குப் போடுற மதிப்பீடு. ஆன்லைன்ல பாடம் நடத்த அனுமதி வேற. அதுக்கு 2020 செப்டம்பர்ல யூ.ஜி.சி. தனி விதிமுறையே போட்டிருக்கு. நல்ல நாக் மதிப்பெண்ணோ, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில முதல் 100-க்குள்ள இடமோ இருந்தா தகுதி வரும். ஆனா அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமா கிடைக்கிறதில்ல. எந்தப் படிப்பு, எந்த முறையில, எந்தக் கல்வியாண்டுக்குன்னு பார்த்துத்தான். ஒரே பல்கலைக்கழகத்துல எம்.காம். ஆன்லைனுக்கு அனுமதி இருக்கும், எம்.பி.ஏ.வுக்கு இருக்காது. முன்அனுமதி தேவையில்லாத சில நிறுவனங்களும் உண்டு. அவங்க பேரும் யூ.ஜி.சி.யோட தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது 'டெப்' தளத்துல இருக்கும்.

உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல தொடங்கினது, சட்டப்படியான பல்கலைக்கழகம். அங்க அஞ்சல் வழியில படிச்ச ஒருத்தராவது நம்ம சொந்தத்துல இருப்பாங்க. 2022 மார்ச்ல யூ.ஜி.சி. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டுச்சு: அந்தப் பல்கலைக்கழகத்தோட தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைக்கும்தான் அங்கீகாரம். நடுவுல எத்தனை வருஷச் சேர்க்கைன்னு எண்ணிப் பாருங்க. பிறகு அனுமதி வாங்கி மறுபடி நடத்துறாங்க, அது வேற விஷயம். ஆனா அந்த இடைவெளியில சேர்ந்தவங்களுக்குப் பல்கலைக்கழகத்தோட பேரும் வயசும் கை கொடுக்கல.

இன்னும் கடுமையான ஒண்ணு இருக்கு. 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில கொடுத்த பொறியியல் பட்டங்கள் பத்தித் தீர்ப்பு சொன்னது. நாலுல ஒண்ணு சேலத்துல இருக்கிற விநாயகா மிஷன்ஸ். 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவங்களோட பட்டம் நிறுத்திவைக்கப்பட்டுச்சு, ஏ.ஐ.சி.டி.இ. நடத்துற தேர்வை எழுதி ஜெயிச்சாத்தான் திரும்பக் கிடைக்கும். அதுக்கப்புறம் சேர்ந்தவங்களோட பட்டம் ரத்து. அந்தப் பட்டத்தைக் காட்டி பதவி உயர்வு வாங்கினவங்க நிலைமையை யோசிங்க.

பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் எல்லாம் ஆன்லைன்ல கிடையவே கிடையாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜியையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. "ஆன்லைன் சைக்காலஜி"ன்னு ரீல்ஸ்ல விளம்பரம் வந்தா, எந்த வருஷத்து விளம்பரம்னு பாருங்க.

சரியான அனுமதியோட இருந்தா அந்தப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம். இதை 2022 செப்டம்பர்ல யூ.ஜி.சி. தெளிவா சொல்லிருச்சு. அதனால "ஆன்லைன்னாலே வேஸ்ட்"னு சொல்ற மாமாக்களையும் நான் நம்பச் சொல்லமாட்டேன்.

சித்தி பொண்ணுகிட்ட ரெண்டு வேலை கொடுத்தேன். டெப் தளத்துல அந்தப் பல்கலைக்கழகம், எம்.பி.ஏ., ஆன்லைன் முறை, இந்த வருஷம், நாலும் ஒரே வரிசையில இருக்கான்னு பாரு. அப்புறம் உன் டெப் ஐடியை நீயே உருவாக்கு. 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து அது கட்டாயம். அதுக்கு முதல்ல ஏ.பி.சி. ஐடி வேணும். "அதெல்லாம் வேண்டாம்மா, பணத்தை மட்டும் கட்டுங்க, நாங்க பார்த்துக்கிறோம்"னு சென்டர்ல சொன்னா, நோட்டீசை அங்கேயே வச்சிட்டு வந்துரு.