குளிருக்குக் கரி, மூச்சுக்கு ஜன்னல்

தில்லிக் குளிர், தெற்கிலிருந்து வந்த நம்மை மிரட்டத்தான் செய்கிறது. "அங்கீட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? புகை அடங்கிய கங்குதானே!" என்று அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அங்கீட்டி வேறொன்றுமில்லை, நம் ஊர்க் குமுட்டி அடுப்புதான். கூடவே கூடாது என்பேன். ஏன் என்று புரிய, மூச்சின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் இழுக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் பிராணவாயு. அது நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளைச் சென்றடைகிறது. அவற்றை மெல்லிய இரத்தக்குழாய்கள் வலைபோல் சுற்றியிருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரின் கனம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

நுண்ணறையில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும் இரத்தத்தில் சுமார் 40 தான். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோல், பிராணவாயு தானாகவே இரத்தத்துக்குள் போய்விடுகிறது. சிவப்பணு அங்கே நிற்பது ஏறக்குறைய முக்கால் விநாடி. அதற்குள் அதிலுள்ள ஹீமோகுளோபின் சுமையை ஏற்றிக்கொள்கிறது. ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இருக்கைகள்.

மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் இதே வழியாகத்தான் நுழைகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப்போல், அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமான பிடி! மீதமுள்ள பிராணவாயுவையும் உடம்புக்கு எளிதில் இறக்க விடாது.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையில்லாத கங்கிலும் உண்டு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல்தான் எச்சரிக்கை. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. 2020, 2021 கொரோனா நாட்களில் பலர் வாங்கிவைத்த ஆக்ஸிமீட்டரை நம்பவும் வேண்டாம். சாதாரணக் கருவிக்கு இரண்டு வாயுக்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆபத்திலும் "98" என்று காட்டக்கூடும்.

ஆகவே, கங்கோடு அங்கீட்டியை ஒருநாளும் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீஸரும் இதே ஆபத்துதான். யாருக்காவது மயக்கம் வந்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு, ஜன்னல்களைத் திறந்து அவரை வெளியே கொண்டுவாருங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள விஷவாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முழுப் பிராணவாயு கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் பாதியாகிவிடும்.

குளிருக்கு இன்னொரு ரஜாய் போர்த்திக்கொள்ளலாம். மூச்சுக்கு மாற்று ஏது?