வீட்டு வேலைக்கு முதன்முதலாக ஆள் வைக்கிறீர்களா?

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்திருக்கும். 'கொஞ்ச நாளைக்குக் குடம் தூக்காதீங்க, குனிஞ்சு நிமிராதீங்க' என்று டாக்டர் சொல்லியிருப்பார். அல்லது மூட்டுவலி பாடாய்ப் படுத்தும். தைலம் கேட்டு வரும் இல்லத்தரசிகளிடம், 'வீட்ல பாத்திரம் யாரும்மா தேய்க்கிறாங்க?' என்று கேட்டால், 'நான்தான் டாக்டர்!' என்கிறார்கள். வேலையைக் குறைக்காமல் தைலம் மட்டும் தடவினால் வலி எப்படிப் போகும்?

ஆகவே தாராளமாக ஆள் வையுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் இடுப்பு தாங்காத வேலையை இன்னொரு பெண்ணின் இடுப்பு தாங்கப் போகிறது. அவர் ஏற்கெனவே இரண்டு, மூன்று வீடுகளில் வேலை முடித்துவிட்டு வருவார். விரலிடுக்கில் புண், நகச்சுற்று, முழங்கால் வலி என்று அவரும் இதே வைத்தியரிடம்தான் வருகிறார்.

முதல் நாளே பேசுங்கள்!

பாத்திரமா, வீடு கூட்டித் துடைப்பதா, துணியா? எத்தனை மணி நேரம்? வாரத்தில் எந்த நாள் லீவு? உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். சம்பளம் போய்விடுமே என்று பயந்து காய்ச்சலோடு வந்தால், உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அது தொற்றும்.

2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் என்று நிர்ணயித்தது. அது அன்றைய கணக்கு. இன்றைய விலைவாசிக்கு அதைவிடக் கூடுதலாகப் பேசுவதே நியாயம்.

நம் திருவண்ணாமலையில் இன்னொரு சங்கதி உண்டு. பௌர்ணமி வந்தால் உறவினர்கள் கிரிவலத்துக்கு வந்து இறங்குவார்கள். பாத்திரம் இரட்டிப்பாகும். அன்றைக்குத்தான் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்துவார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர் கூட்டத்தில் நடந்து வரவேண்டும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் கொடுங்கள்.

கையைக் கவனியுங்கள்!

நாள் முழுக்க ஈரத்திலும் சோப்பிலும் ஊறும் கையில் தோல் வெடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், நீளக் கைப்பிடி உள்ள மாப்பும் வாங்கி வையுங்கள். குந்தி உட்கார்ந்து துடைப்பது முழங்காலுக்கு ஆகாது. நகச்சுற்றில் சீழ் பிடித்தால் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். டாக்டரிடம் அனுப்புங்கள். சர்க்கரை நோய் இருந்தால் தாமதமே கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றக்கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பாட்டிலில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாமல் இருக்கலாம். நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.

தனி டம்ளர் எதற்கு?

வேலை செய்பவருக்கென்று ஒரு டம்ளரைப் பின்கட்டில் கவிழ்த்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னமும் இருக்கிறது. 'சுத்தத்துக்காக' என்கிறார்கள். நீங்கள் சாப்பிடும் தட்டையே அவர்தானே கழுவி வைக்கிறார்! இதில் ஆரோக்கியம் எங்கே வந்தது? வந்தவுடன் கை கழுவச் சோப்பு, குடிக்கத் தண்ணீர், கழிவறையைப் பயன்படுத்த அனுமதி, இந்த மூன்றையும் கொடுங்கள். கழிவறை போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருகிறது.

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே சட்டப்படி குற்றம். பெரியவர்களுக்கு, 2007-ல் தொடங்கிய வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பத்தை நிரப்ப உங்கள் வீட்டுப் பிள்ளைகளை உதவச் சொல்லுங்களேன்!