இராணி எறும்பிலிருந்து ஒரு குடி

சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண் பிரசாதமாக வழங்கப்படுவதால் சங்கரன்கோவிலில் புற்று அனைவருக்கும் அறிமுகமானது. ஆயினும் புற்றை எழுப்புபவை பொதுவாகக் கறையான்களே, மழை ஓய்ந்த மாலையில் விளக்கை மொய்க்கும் ஈசல்களும் சிறகு முளைத்த கறையான்களே. இராணி எறும்புகளும் மழையை ஒட்டியே பறப்பதால், குடி வளர்க்க இராணி எறும்பைத் தேடுபவர், பிடித்தது எது என்று முதலில் தெளிய வேண்டும். ஈசலின் நான்கு சிறகுகளும் ஒரே நீளமாகவும் உணர்கொம்பு நேராகவும் இருக்க, எறும்புக்கு இடை ஒடுங்கி, முன்சிறகு பின்சிறகைவிட நீண்டு, உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும்.

வானில் இணைசேர்ந்த இராணி, பெற்ற விந்தை வயிற்றிலுள்ள சிறு பையில் ஆயுள் முழுதும் சேமித்துக்கொண்டு, தரையிறங்கியதும் தன் சிறகுகளைத் தானே உதிர்க்கிறது. கருவுற்ற முட்டைகளிலிருந்து பெண்களும் கருவுறாதவற்றிலிருந்து ஆண்களுமே தோன்றுவதால், இணைசேராத இராணியால் வேலைக்காரிகளைப் பெற முடியாது; ஆகவே சிறகு உதிர்த்ததைத் தேர்வது நல்லது, எனினும் அது உறுதியான சான்றன்று.

தென்மாவட்டங்களில் எங்கும் காணப்படும் கருநிறக் கட்டெறும்பின் இராணி, வளைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, வெளியே இரைதேடாமல் குடியமைக்கும் வகையைச் சேர்ந்தது. இனிப் பயன்படாத பறப்புத் தசைகளும் உடற்கொழுப்புமே கரைந்து முதற்புழுக்களுக்கு உணவாவதால், அதற்கு உணவைவிட ஈரமும் இருளும் அமைதியுமே தேவை. சோதனைக்குழாயில் மூன்றிலொரு பங்கு நீர் ஊற்றி, நீர் கசியாமல் ஈரம் மட்டும் ஊறும்படி பஞ்சை இறுக்கி, இராணியை விட்டு, வாயையும் பஞ்சால் அடைத்து, வெயிலும் அதிர்வும் படாத அலமாரியில் வைக்க வேண்டும். அடிக்கடி வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் கலவரமடைந்த இராணி தன் முட்டைகளையே தின்றுவிடக்கூடும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதே போதும்.

முட்டையும் புழுவும் கடந்து வெளிர்பழுப்புப் பட்டுக்கூடுகள் தோன்றும். இவற்றையே மக்கள் எறும்பு முட்டை என்று தவறாகக் கருதுவர். கூட்டை இராணியே கடித்துப் பிரித்து விடுவிக்கும் முதல் வேலைக்காரிகள் அளவில் சிறியவை. அவை வந்த பிறகே சர்க்கரைநீர்த் துளியும் கொன்ற சிறுபூச்சித் துண்டும் தர வேண்டும். அவை உண்டதை வாயோடு வாய் வைத்து இராணிக்கும் ஊட்டும்.

ஐரோப்பியக் கறுப்புத் தோட்ட எறும்பின் இராணி ஒன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவுள்ளதால், இராணியைப் பிடிப்பவர் ஏற்பது நெடுங்காலப் பொறுப்பாகும். அதன் முதல் சில வாரங்களில் அப்பொறுப்பு குழாயைத் தொடாமலிருப்பதிலேயே அடங்குகிறது.